ஆபரேட்டர் இல்லாத லைன்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு கிழவி ஏமாற்றிவிட்டாள் என்று சொல்லக் கூடாது. சென்னையிலிருந்து ஒரு பத்திரிகைக்காரர் போன் செய்தார்.

"அம்மா, பொங்கலுக்கு வாசனைச் சிறப்பிதழ் போடுறோம். உங்க தாமிரபரணி மண்வாசனையோட ஒரு கதை வேணும்."

"மண்ணுக்கு என்ன வாசனை?"

"என்னம்மா இப்படிக் கேக்குறீங்க? முதல் மழை, நெல்வயல், பிச்சிப்பூ, அம்மா சேலை..."

"எங்க அம்மா சேலையில மண்ணெண்ணெய்தான் நாறும். போடுவீங்களா?"

சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

"நல்லதா ஒண்ணு எழுதுங்கம்மா. படிக்கிறவங்க மூக்குல மணக்கணும்."

வைத்துவிட்டார். கோபத்தில் என் வலது காது கொதித்தது. இடது காது கொதிக்காது. அது கேட்பதை நிறுத்திப் பல வருஷமாகிறது.*

* தொலைபேசி நிலையத்தில், வெளியூர்ப் பேச்சுகளை வயர் சொருகி இணைத்துவிடும் டிரங்க் ஆபரேட்டராக இருந்தேன். ஹெட்போன் மாட்டி மாட்டியே அந்தக் காது ஓய்ந்துபோனது. அந்த வேலையில் நான் யார் முகத்தையும் பார்த்ததில்லை. குரல்கள்தான். அதனாலோ என்னவோ, எனக்குக் கதை எப்போதும் பேச்சாகத்தான் வரும். யார் என்ன சேலை கட்டியிருந்தாள், வானம் என்ன நிறத்தில் இருந்தது என்று என்னிடம் கேட்காதீர்கள்.

2

சரி, ஒரு தொடக்கம்.

தாமிரபரணியின் மேல் வைகறைப் பனி மெல்ல விலக, ஈர மணலின் மணம்

(நிறுத்து. இது அந்த ஆளுக்கு எழுதுவது.)

மறுபடி:

தஸ்மியாவுக்கு அந்த வாசனை பிடிக்கவில்லை.

(பொய். பிடிக்கவில்லை என்பது காப்பியில் சர்க்கரை கூடினால் சொல்லும் சொல்.)

எனக்கு வரும் வழியிலேயே வரட்டும். காதைக் காட்ட வண்ணார்பேட்டையில் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போவேன். டாக்டர் நித்யா என் தங்கை மகள். அன்றைக்கு நல்ல கூட்டம். என் வலப்பக்கம், அதாவது கேட்கும் காதின் பக்கம், இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்திக்குப் பெரிய குரல், இன்னொருத்திக்கு இளங்குரல். நடுவில் ஒரு கைக்குழந்தை.

"டாக்டர்ட்ட உள்ளதச் சொல்லணும். புள்ளை நாறுதுன்னு உன் வாயாலயே சொல்லணும்."

"மாமி, பையப் பேசுங்க."

"என்னத்துக்கு பைய? நாறுதுன்னு சொல்ல வெக்கமில்ல, அடுத்தாளு கேட்டா மட்டும் வெக்கமா?"

"நான் வேணும்னேவா சொல்லுதேன்?"

"பெத்தவளுக்குப் புள்ளை நாறுமாட்டி? நாய்க்கு நாறுமா? பூனைக்கு நாறுமா?"

பெரிய குரல் டோக்கன் வாங்க எழுந்து போனது, குழந்தையையும் தூக்கிக்கொண்டு. கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் திரும்பி ஒரு பேச்சு வந்தது.

"எல்லாத்தையும் கேட்டுட்டீங்கள்லா?"

"கேட்டேன்."

"அப்ப மிச்சத்தையும் கேளுங்க. இங்க யாரும் முழுசாக் கேக்க மாட்டேங்காங்க."

அவள்தான் தஸ்மியா. (பெயர் நான் வைத்தது. கோபம் அவளுடையது. இரவல் வாங்கியிருக்கிறேன்.)

3

அவள் சொன்னது இது.

ஏழு மாதக் கர்ப்பத்தில் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனபோது வாசனையும் போய்விட்டது. மீன் குழம்பு, பினாயில், மருதாணி எல்லாம் ஒன்றுதான், எல்லாம் வெறும் காற்று. சேரன்மகாதேவியில் உம்மா வீட்டில் பிள்ளை பிறந்தது. பையன். இர்ஷாத். அப்போதும் அவளுக்கு மூக்கு இல்லை. இருந்தாலும் தூக்கினாள், கொஞ்சினாள், பால் கொடுத்தாள், ஒரு குறையும் இல்லை.

நாற்பதாம் நாள், தாயையும் பிள்ளையையும் அழைத்துப்போக மேலப்பாளையத்திலிருந்து மாமியார் ஹமீது பீவி வந்தாள், சொந்தக்காரப் பெண்களோடு. அவர்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம். பிள்ளையைக் குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டி, ஒருத்தி மாற்றி ஒருத்தி கையில் வாங்கி உச்சியை மோந்து துஆ, அதாவது பிரார்த்தனை, செய்வார்கள். கடைசியில் தாயின் கைக்கு வரும். அவள் மோந்தால்தான் பயணம் புறப்படும்.

அவள் மோந்தாள். அன்றைக்கென்று பார்த்து, மாதக்கணக்காய்ச் செத்துக் கிடந்த மூக்கு உயிர்த்தது.

"எப்படி இருந்துச்சு?"

"பொசுங்குன ரப்பரு. அதுக்கு அடியில செத்த எலி. எம்புள்ளை தலையில இருந்து."

வாந்தி எடுத்துவிட்டாள். பிள்ளையின் புதுச் சட்டை மேலேயே.

"எல்லாரும் என்ன சொன்னாங்க?"

"ஒருத்தி, 'அல்லாவே, அதுக்குள்ள அடுத்ததா?'ன்னா. இன்னொருத்தி, 'எப்படிட்டி, மாப்ள ரசீது சவுதில, தம்மாம்ல இருக்கான்லா?'ன்னா. ஒரே சிரிப்பு. எங்க மாமி மட்டும் சிரிக்கல. என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருந்தாங்க."

அதன்பிறகு எல்லாமே நாறியது. வெங்காயம், காப்பி, சோப்பு, அவள் வியர்வை, எல்லாம். ஆனால் வெங்காயத்தை வெறுத்தால் வீட்டில் யாரும் கூட்டம் போடுவதில்லை. முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு பால் கொடுத்தாள். தெருவெல்லாம் பேச்சானது: பெத்த பிள்ளையை மோந்து வாந்தி எடுத்தவள்.

4

நித்யாவிடம் கேட்டேன்.

"அந்தப் பொண்ணப் பத்தி ஒண்ணும் சொல்ல மாட்டேன் பெரியம்மா. அது தப்பு."

"அவளப் பத்தி வேண்டாம். மூக்கப் பத்திச் சொல்லு."

"மூக்குல என்ன இருக்கு? மோக்கது மூளைல்லா."

சொன்னாள். நான் புரிந்துகொண்டவரை எழுதுகிறேன். மூக்கின் உச்சியில் தபால்தலை அளவுக்கு ஒரு சவ்வு. அதில் நரம்புச் செல்கள் லட்சக்கணக்கில். ஒவ்வொரு செல்லும் ஒரே ஒரு வகைக் கொக்கியை வைத்துக்கொண்டு காற்றில் வருவதைப் பிடிக்கக் காத்திருக்கும். அப்படி நானூறு வகைக் கொக்கிகள் உண்டாம். ஒரே வகைக் கொக்கி உள்ள செல்கள் எங்கெங்கோ சிதறிக் கிடந்தாலும், அவற்றின் இழைகள் சல்லடை போன்ற ஓர் எலும்பின் வழியாக மேலே போய், மூளையின் அடியில் தங்களுக்கென்று உள்ள முடிச்சைத் தேடிச் சேர்ந்துவிடும்.

"நித்யா, இது எங்க ஸ்விட்ச் போர்டுல்லா! ஒவ்வொரு ஊருக்கும் ஒரு துளை."

"கிட்டத்தட்ட. ஆனா ஒரு வாசனைக்கு ஒரு துளைன்னு எழுதிராதீங்க. ரோஜான்னா பல துளை ஒண்ணா எரியும். சிலது பளிச்சின்னு, சிலது மங்கலா. அந்தப் புள்ளியெல்லாம் சேர்ந்த கோலத்தத்தான் மூளை ரோஜான்னு படிக்கும்."

(என் உவமையில் ஓட்டை விழுந்துவிட்டது. எனக்கு வேறு உவமை தெரியாது. ஓட்டையோடு வைத்துக்கொள்ளுங்கள்.)

"காய்ச்சல் என்ன செஞ்சது?"

"அந்தச் செல்லெல்லாம் ஆயுசு பூரா செத்துச் செத்து முளைக்கிற சாதி. காய்ச்சல்ல மொத்தமா அழிஞ்சுட்டா, புதுசா முளைக்கிற இழை சிலது வழி தெரியாம வேற முடிச்சுல போய்ச் சொருகிக்கும். கோலம் கலைஞ்சிரும். இப்படித்தான்னு நெனைக்கோம். முழுசா யாருக்கும் தெரியாது."

"ராங் நம்பர்."

"ஆமா. ராங் நம்பர்."

அதோடு விட்டிருக்கலாம். அடுத்து அவள் சொன்னதில்தான் எனக்கு ரத்தம் ஏறியது.

பார்ப்பது, கேட்பது, தொடுவது எல்லாம் மூளையின் நடுவில் தலாமஸ் என்ற ஒரு நிலையத்துக்குள் நுழைந்துதான் மேலே போகுமாம். அதாவது ஆபரேட்டர். யார் கூப்பிடுகிறீர்கள், யாருக்கு, கொஞ்சம் பொறுங்கள். வாசனைக்கு மட்டும் அது கிடையாது. முடிச்சிலிருந்து நேராக, பயமும் ஆசையும் நினைவும் குடியிருக்கும் வீட்டுக்குள் மணி அடித்துவிடும்.

"அப்ப அவ, இது எம்புள்ளை, இது நாறாதுன்னு நினைக்கதுக்கு முன்னாலயே..."

"குமட்டிரும். அறிவு பின்னாலதான் வந்து சேரும். வந்து மன்னிப்புக் கேக்கும்."

நான் அந்த லைனில் இருந்திருந்தால் அந்த இணைப்பை வெட்டியிருப்பேன். "தவறான எண்" என்று சொல்லிப் பிடுங்கி எறிந்திருப்பேன். ஆனால் அங்கே ஆளே இல்லை. ஆள் இல்லாத இடத்தில் நடந்த தப்புக்கு ஒரு பெண்ணின் நெஞ்சைக் கிழித்துப் பார்க்கிறார்கள், பாசம் இருக்கிறதா என்று. கண் தெரியாத தாய் பிள்ளையைப் பார்க்கவில்லை என்று யாராவது பிள்ளையைப் பிடுங்கியதுண்டா? எனக்கு ஒரு காது செத்துவிட்டது. என்னைக் கெட்டவள் என்று எவளாவது சொன்னாளா? தாய்ப்பாசம் இயற்கை என்கிறீர்கள். இயற்கைதான். இயற்கை என்றால் இழை. இழை அறும். அறுந்தால் வைத்தியம் பார்ப்பீர்களா, பஞ்சாயத்து வைப்பீர்களா?

(இந்தப் பத்தியைக் கதையில் வைக்கலாமா? கட்டுரை மாதிரி இருக்கிறது. இருக்கட்டும்.)

வைத்தியம் உண்டு. ரோஜா அத்தர், எலுமிச்சம்பழம், கிராம்பு, நீலகிரித் தைலம். காலையும் மாலையும் ஒவ்வொன்றாய் மோந்து, அது முன்பு எப்படி இருந்தது என்று நினைக்க வேண்டும். மூளைக்கு மறுபடி பாடம் சொல்லிக் கொடுப்பது. பல மாதம் ஆகும். வருஷமும் ஆகலாம்.

"வருஷமா?" என்றாளாம் ஹமீது பீவி. மறுநாள் தஸ்மியாவைச் சேரன்மகாதேவி பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். பிள்ளையை அனுப்பவில்லை. சுகமானதும் வா என்றாள்.

அன்றைக்கு என் நம்பரை வாங்கிப் போயிருந்த தஸ்மியா போனில் சொன்னாள்: "பால் கட்டிக்கிட்டு நெஞ்சு கல்லா இருக்கு. அங்க அவனுக்குப் புட்டிப்பால் குடுக்காங்க. இங்க நான் கிராம்ப மோந்துக்கிட்டு உக்காந்திருக்கேன்."

5

ஹமீது பீவியை ராட்சசியாக எழுதி வைத்திருந்தேன். எழுதிய தாள் இன்னும் மேஜையில்தான் கிடக்கிறது. அதில் ஒரு வாக்கியம்: இரக்கம் என்ற சொல்லே அவள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றாமல்

(முடிக்க முடியவில்லை. ஏனென்றால் அடுத்த முறை டாக்டரிடம் போனபோது, பேரனைக் காட்ட வந்திருந்த அவளே பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.)

"நீங்கதான அன்னைக்கு எங்க வீட்டுப் பேச்ச ஒட்டுக் கேட்டவுக?"

"ஆமா."

"என்னைய ராட்சசின்னு நெனச்சிருப்பீக."

"நெனச்சேன்."

"நெனைங்க. ஒரு நாளு குளிப்பாட்டும்போது அவளுக்கு ஓங்கரிச்சிட்டு வந்துச்சு. புள்ளை சோப்போட வழுக்கிட்டான். கல்லுத் தரை. நான் குறுக்க விழுந்து பிடிச்சேன். நான் அங்கன இல்லன்னா? சொல்லுங்க, நான் இல்லன்னா?"

கேட்கும் காதை அவள் பக்கம் திருப்பினேன்.

"அவளக் கெட்டவன்னு நான் சொல்லல. பயந்து வருது, அம்புட்டுதான். புள்ளைக்குத்தான் ஏதோ நாத்தமோன்னு தெனமும் ரெண்டு தரம் குளிப்பாட்டுதேன். பவுடரு போடுதேன். சாம்பிராணி காட்டுதேன். உச்சியில அத்தரு தேய்க்கேன்."

"அத்தர் தேய்ச்சா அவளுக்கு இன்னும் கூடுதலாத்தான் நாறும்."

"அத்தரு நாறுமா? நல்லாச் சொன்னீக! உங்களுக்குக் காது மட்டுந்தான் கோளாறுன்னு நெனச்சேன்."

சிரித்துவிட்டேன். அதில் என் கோபம் ஒரு பிடி குறைந்தது. குறைந்ததற்காகவும் கோபம் வந்தது. ராட்சசி இருந்தால் கதை எழுதுவது எவ்வளவு சுலபம்!

6

முடிவுகள்.

தம்மாமிலிருந்து அவள் கணவன் ரசீத் போன் பண்ணி ஒரு வழி சொன்னானாம். "வெள்ளிக்கிழம எங்க உம்மா வீட்டுக்குப் போ. நூகு மாமா முன்னாடி, எல்லாரு முன்னாடியும் ஒரு தரம் புள்ளை உச்சிய மோந்து காட்டிரு. முடிஞ்சு போவும்." நூகு, ஹமீது பீவியின் அண்ணன். குடும்பத்தில் அவர் சொன்னால் மறுபேச்சு இல்லை. அவள் வாந்தி எடுக்காமல் மோந்தால் பிள்ளை அவளிடம். எடுத்தால், சுகமாகும்வரை மாமியாரிடம்.

கடல் தாண்டி உட்கார்ந்துகொண்டு போனில் தீர்ப்பு. போனில் எல்லாம் போகும், வாசனை மட்டும் போகாது. அது அவனுக்கு எவ்வளவு சௌகரியம்!

முடிவு அ: வெள்ளிக்கிழமை மாலை. தஸ்மியா குனிந்து மோக்கிறாள். பால்மணம்! கண்ணீர். பத்திரிகைக்காரருக்கு இது பிடிக்கும். நித்யாவிடம் படித்துக் காட்டினேன்.

"மூணே வாரத்துலயா? நரம்பு என்ன முருங்கக் கிளையா பெரியம்மா, வெட்டி வச்சதும் தழைக்க?"

அடித்துவிட்டேன்.

முடிவு ஆ: அவள் மூச்சைப் பிடித்துக்கொள்கிறாள். மூச்சு உள்ளே போகாவிட்டால் வாசனையும் போகாது. உச்சியில் மூக்கை வைத்து, சிரித்து, நிமிர்ந்துவிடுகிறாள். யாருக்குத் தெரியப்போகிறது? இது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. தந்திரமான முடிவு. தஸ்மியாவிடம் போனில் சொன்னேன், கதையாக இல்லை, யோசனையாக.



"நீங்களும் அவங்க கட்சிதானா?"

"ஏட்டி, உன் நல்லதுக்குத்தான்..."

"மூச்சப் பிடிச்சுக்கிட்டு நான் எத்தன வருஷம் புள்ளை வளக்க? இன்னைக்கு நடிச்சு வாங்கிட்டு வந்தா, நாளைக்கு எனக்குக் குமட்டும்போது யாருட்டச் சொல்லுவேன்? கள்ளின்னும் ஒரு பேரு வாங்கவா?"

அதையும் அடித்துவிட்டேன்.

"அப்ப என்னதான் செய்யப்போற?"

"தெரியல. நேத்து எலுமிச்சம்பழம் ஒரு நொடி எலுமிச்சம்பழமா வந்துச்சு. உடனே போயிருச்சு." பிறகு, "வெள்ளிக்கிழம போன ஆன் பண்ணியே பைக்குள்ள வச்சிருக்கேன். நீங்க கேட்டுக்கிட்டே இருங்க. ஒண்ணும் பேச வேண்டாம். ஒரு ஆளு முழுசாக் கேக்குன்னு இருந்தாப் போதும்."

எங்கள் வேலையில் பெரிய குற்றம் அது, அடுத்தவர் பேச்சைக் கேட்பது. கேட்டேன்.

7

இதில் நான் இட்டுக்கட்டியது குறைவு. காதில் விழுந்தபடி.

மின்விசிறிச் சத்தம். பாய் விரிக்கும் சத்தம்.

"வா தாயி. உக்காரு. தண்ணி குடிச்சியா?" இது நூகு. எதிர்பார்த்ததைவிட மெல்லிய குரல்.

"குடிச்சேன் மாமா."

"யாரும் உன்ன விரோதமா நெனைக்கல. நெனவு வச்சிக்கோ."

ஒரு பெண் குரல்: "மொதல்ல புள்ளையக் குடுங்க மைனி. பொழுது போவுது."

"இந்தா. பைய. தலையப் பிடிச்சுக்க." ஹமீது பீவி.

"ங்கா" என்றான் இர்ஷாத்.

ஒரு மூச்சு. நீளமாக, உள்ளே இழுக்கும் மூச்சு. எனக்கு அந்தச் சத்தம் கேட்டது. அவள் பிடித்துக்கொள்ளவில்லை. இழுத்தாள்.

உடனே ஓங்கரிப்பு. "பிடிங்க மாமி, புள்ளையப் பிடிங்க." ஓடும் கால்கள். குழாய்த் தண்ணீர்.

"பாத்தீங்களா! நான் சொல்லல?" அந்தப் பெண் குரல்தான்.

"வாய மூடுட்டி." ஹமீது பீவியின் பெரிய குரல் உடைந்திருந்தது. "அத்தரு தேய்ச்சேனே... ரசீது குடுத்தனுப்புன ஊது அத்தரு. உசத்தி. பெருநாளைக்குன்னு வச்சிருந்தது. இன்னைக்காவது அவளுக்கு மணக்கட்டும்னு உச்சி பூராத் தேய்ச்சேனே காக்கா..."

(காக்கா என்றது அண்ணன் நூகுவை. இதை நான் எழுதியிருந்தால், வேண்டுமென்றே தேய்த்தாள் என்று எழுதியிருப்பேன்.)

குழாய் நின்றது. கால்கள் திரும்பி வந்தன.

"குடுங்க மாமி."

"வேண்டாம்ட்டி. போதும்."

"குடுங்க."

மறுபடி அந்த மூச்சு. மறுபடி ஓங்கரிப்பு, ஆனால் இந்த முறை கால்கள் ஓடவில்லை. விழுங்கும் சத்தம். மூன்றாவது மூச்சு.

"மாமா." குரல் நடுங்கியது. அழுகையா கோபமா என்று எனக்குத் தெரியாதா? கோபம். "உங்க எல்லாருக்கும் இவன் மணக்கான். மணக்குத புள்ளைய யாரு வேணும்னாலும் தூக்கலாம். எனக்கு நாறுதான். இப்பமும் நாறுதான். நான் கீழ வைக்கல, பாத்துக்கோங்க. குளிப்பாட்டதுக்கு மட்டும் மாமி கூட இருக்கட்டும், எனக்கும் அந்தப் பயம் இருக்கு. மத்தபடி இன்னும் எத்தன தரம் மோக்கணும்னு சொல்லுங்க, மோக்கேன்."

மின்விசிறி மட்டும். பிள்ளை அவள் மூக்கைப் பிடித்து இழுத்திருக்க வேண்டும்.

"விடுலே," என்றாள், தாழ்ந்த குரலில். "எஞ்செல்ல வாப்பா, மூக்க விடுலே."

நூகு தொண்டையைச் செருமினார்.

"சரி. நான் என்ன சொல்லுதேன்னா"

8

இங்கே வெட்டுகிறேன்.

அன்றைக்கு நான் வெட்டவில்லை. அவளுக்குக் கொடுத்த வாக்கு அது. கடைசிவரை காதில் வைத்திருந்தேன். நூகு என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்கள், பரவாயில்லை, நல்ல மனிதர் என்றோ, அடப் பாவி என்றோ அவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள். அடுத்த பக்கத்தில் பிச்சிப்பூ வாசனை இருக்கும். மணக்கும்.

பத்திரிகைக்காரர் நேற்றும் கேட்டார்.

"முடிவு இல்லாம எப்படிம்மா போடுறது?"

"இருக்கு. உங்ககிட்டதான் இருக்கு."

"வாசகருக்குக் குழப்பமா இருக்குமே."

"என்ன குழப்பம்? புள்ளை ஒண்ணு. கேக்கது ரெண்டு பேரு. ரெண்டு பேருமே கீழ விழாம பிடிச்சவுக."

ஆகவே அந்தப் பாயில் இப்போது நூகு இல்லை. நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். எதிரே அவள், மடியில் பிள்ளை. கூடம் முழுக்க அத்தர் மணக்கிறது, உங்களுக்கு. அவளுக்கு ரப்பர் எரிகிறது. உங்களுக்குள் முதலில் எழும் சொல் நேரடி லைனில் வந்தது. அதை நம்பாதீர்கள். கொஞ்சம் பொறுத்து, இரண்டாவதாக வருவதைச் சொல்லுங்கள்.

எங்கள் வேலையில், இரண்டு முனையையும் சொருகி முடித்ததும் ஒரே ஒரு வார்த்தை சொல்வோம். அதற்குப் பிறகு எங்கள் குரல் லைனில் இருக்கக் கூடாது.

பேசுங்க.